வீட்டுக்காரர் ரிமாண்டில் இருக்கிறார், முதலில் என்ன செய்ய வேண்டும்?

மலர்_திண்டுக்கல்

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் என் வீட்டுக்காரரை ஒரு அடிதடி கேஸில் கைது செய்து ரிமாண்ட் செய்துவிட்டார்கள். இப்போது மத்திய சிறையில் இருக்கிறார். எஃப்.ஐ.ஆரில் 296(பி), 118(1), 109(1), 351(3) என்று பிரிவுகள் போட்டிருக்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் யாரும் போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதித்ததில்லை. ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஸ்டேஷனில் செல்வாக்கு உண்டு என்று ஒருவர் வீட்டுக்கே வந்து, பணம் கொடுத்தால் இரண்டே நாளில் வெளியே எடுத்துவிடலாம் என்கிறார். மாமியார் வளையலை அடகு வைக்கலாம் என்று கிளம்பிவிட்டார். பையன் மூன்றாம் வகுப்பு படிக்கிறான், அப்பா எங்கே என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். இதைக் கடந்து வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

நெல்லைக்காரி

மலர், முதலில் மாமியாரை உட்கார வையுங்கள். அந்த ஆளுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ரிமாண்ட் ஆன பிறகு இந்த மாதிரி கேஸில் ஜாமீன் கொடுப்பது கோர்ட் மட்டும்தான். ஸ்டேஷனில் யாரைத் தெரிந்தாலும் ஜெயில் கதவு திறக்காது. முதல் வாரத்தில்தான் இவர்கள் வீடு தேடி வருவார்கள், ஏனென்றால் அந்த வாரம்தான் நாம் தாலியைக்கூடக் கழற்றிக் கொடுக்கத் தயாராக இருப்போம். என் வீட்டுக்கும் வந்தார்கள்.

ஒரு நோட்டு வாங்கி முதல் பக்கத்தில் இதையெல்லாம் எழுதி வையுங்கள்: எந்த ஸ்டேஷன், குற்ற எண், பிரிவுகள், ரிமாண்ட் ஆன தேதி, எந்த மாஜிஸ்திரேட் கோர்ட், அடுத்த வாய்தா. வக்கீலிடம் போனாலும் ஜெயிலுக்குப் போனாலும் முதலில் கேட்பது இதைத்தான். எஃப்.ஐ.ஆர் நகலைத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். கேஸ் கோர்ட்டில் பதிவானதும் சி.என்.ஆர் என்று 16 இலக்க எண் வரும். அதை இ-கோர்ட்ஸ் ஆப்பில் போட்டால் ஒவ்வொரு வாய்தாவும் உங்கள் போனிலேயே தெரியும். நாம் தேதியைத் தெரிந்து வைத்திருக்கிறோம் என்று வக்கீலுக்குத் தெரிந்தாலே கேஸ் கொஞ்சம் வேகமாக நகரும், இதை அனுபவத்தில் சொல்கிறேன்.

அடுத்தது மனு பார்ப்பது, அதாவது ஜெயிலுக்குப் போய் அவரைச் சந்திப்பது. இ-முலாகாத் என்ற அரசு இணையதளத்தில் முன்கூட்டியே பதிவு செய்யலாம், வீடியோவில் பேசவும் அதிலேயே வழி உண்டு. ஆதார் ஒரிஜினல் கையில் இருக்க வேண்டும், ஜெராக்ஸை மட்டும் நம்பிப் போகாதீர்கள். எந்தெந்த நாள், எத்தனை மணி வரை என்பது ஜெயிலுக்கு ஜெயில் மாறும், தண்டனைக் கைதிக்கு வேறு, விசாரணைக் கைதிக்கு வேறு. கிளம்புவதற்கு முன் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். போனையும் பையையும் வெளியே வைத்துவிட வேண்டும்.

உள்ளே போனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் நிற்பார், உங்கள் காதில் இண்டர்காம் ரிசீவர் இருக்கும். இன்னும் கம்பிவலை இருக்கிற இடமாக இருந்தால் வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள், அவர் வாயசைவதுதான் தெரியும். முதல் தடவை இரண்டு பேரும் அழுதே நேரம் போய்விடும், அது இயல்புதான். அடுத்த தடவை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். மாத்திரை கிடைக்கிறதா, வக்காலத்தில் கையெழுத்து போட்டாரா, யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், வண்டியின் ஆர்.சி எங்கே இருக்கிறது, இப்படி. சண்டை எப்படி நடந்தது என்ற பேச்சை மட்டும் அங்கே எடுக்காதீர்கள். பக்கத்தில் நிற்பவர் யார் என்று தெரியாது. அதை அவர் வக்கீலிடம் சொல்லட்டும்.

கோர்ட்வாசல்

நான் கிரிமினல் பக்கம் பிராக்டிஸ் செய்யும் வக்கீல். நெல்லைக்காரி மேடம் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். சட்டப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

உங்கள் கேஸில் கனமான பிரிவு 109(1), கொலை முயற்சி. 10 ஆண்டு வரை தண்டனை, எதிராளிக்குக் காயம் பட்டிருந்தால் ஆயுள் தண்டனை வரைக்கும் போகும். அதனால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஜாமீன் கிடைப்பது கடினம். மாவட்ட முதன்மை அமர்வு நீதிமன்றத்தில் மனு போட வேண்டியிருக்கும். அங்கே தள்ளுபடி ஆனால் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளைக்குப் போகலாம். காயம்பட்டவர் ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகிவிட்டாரா என்று நீதிபதி கட்டாயம் கேட்பார். அதை முதலில் விசாரித்து வையுங்கள்.

ரிமாண்ட் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பிரிவுக்குப் போலீஸ் 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். சின்னப் பிரிவுகளாக இருந்தால் 60 நாள். தாக்கல் செய்யவில்லை என்றால் கேஸின் கனம் என்ன என்று பார்க்காமல் ஜாமீன் கேட்கும் உரிமை உண்டு. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்ஸில் பிரிவு 187(3). கைதான நாளிலிருந்து அல்ல, ரிமாண்ட் ஆன நாளிலிருந்து, அந்த நாளையும் சேர்த்து எண்ண வேண்டும். ஆனால் இது தானாக வராது. கெடு முடிந்ததும், குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்கு வருவதற்கு முன்பே, மனு உள்ளே போயிருக்க வேண்டும். ஒரு நாள் அசந்தால் போச்சு.

அதே சட்டத்தின் பிரிவு 479 என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார்கள். அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலம் உள்ளே இருந்துவிட்டால் ஜாமீன், இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவர் என்றால் மூன்றில் ஒரு பங்கு போதும் என்பது அது. நல்ல பிரிவுதான். ஆனால் மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றத்துக்குப் பொருந்தாது. வேறு கேஸ்களும் நிலுவையில் இருந்தால் அதிலும் சிக்கல் வரும். அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்ட கோர்ட் வளாகத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. காவலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் கொடுக்க வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

மலர்_திண்டுக்கல்

ரொம்ப நன்றி அக்கா, நன்றி சார். அந்த ஆளை அனுப்பிவிட்டோம். இலவச வக்கீல் என்றால் ஒழுங்காகப் பார்ப்பார்களா? சொந்தக்காரர்கள் எல்லோரும் வேண்டாம் என்கிறார்கள்.

கோர்ட்வாசல்

ஆளைப் பொறுத்ததுதான், காசு வாங்கும் வக்கீலும் அப்படித்தான். இப்போது மாவட்டங்களில் கிரிமினல் கேஸுக்கு மட்டும் என்றே முழுநேர சட்ட உதவி வக்கீல்களை நியமித்திருக்கிறார்கள். வேறு தனிக் கேஸ் எடுக்காமல் இதையே பார்ப்பவர்கள். நேரில் போய் ஒருமுறை பேசிப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் பிறகு மாற்றிக்கொள்ளலாம். கடன் வாங்கித்தான் வக்கீல் வைக்க வேண்டும் என்ற நிலையில் இருக்கும் குடும்பத்துக்கு நான் எப்போதும் முதலில் இதைத்தான் சொல்வேன்.

ஓய்வுபெற்றவன்

நான் சிறைத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தங்கச்சி, உள்ளே என்ன நடக்கும் என்ற பயம்தான் வெளியில் இருப்பவர்களைத் தின்னும். அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

புதிதாக வருபவரை டாக்டர் பார்த்துப் பதிவு செய்வார். உடம்பில் காயம் இருந்தால் அந்தப் பதிவில் ஏற வேண்டும். போலீஸ் அடித்திருந்தால் ரிமாண்டின்போதே மாஜிஸ்திரேட்டிடமும், பிறகு ஜெயில் டாக்டரிடமும் சொல்ல வேண்டும். பயந்துகொண்டு வழுக்கி விழுந்தேன் என்று சொல்லிவிட்டால் பிறகு மாற்றுவது கஷ்டம். இதை வக்கீல் மூலம் அவருக்குச் சொல்லி அனுப்புங்கள்.

அவருக்கு பி.பி, சுகர், வலிப்பு, மனநலத்துக்கான மாத்திரை எது இருந்தாலும் டாக்டர் சீட்டின் நகலோடு ஜெயில் சூப்பிரண்டுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். இன்னொரு நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். மாத்திரையை நேராக அவர் கையில் கொடுக்க முடியாது, ஜெயில் ஆஸ்பத்திரி வழியாகத்தான் போகும். கொடுக்கவில்லை என்று தெரிந்தால் வக்கீல் கோர்ட்டில் மனு போட்டு உத்தரவு வாங்கலாம்.

பணம் அவர் கையில் இருக்காது. அவர் பெயரில் பி.சி.பி என்று ஒரு கணக்கு இருக்கும், அதில் நீங்கள் கட்டினால் அவர் கேன்டீனில் சோப்பு, பிஸ்கட் வாங்கிக்கொள்வார். நிறையக் கட்டாதீர்கள். யாரிடம் பணம் இருக்கிறது என்பது உள்ளே சீக்கிரம் தெரிந்துவிடும், அது அவருக்குத்தான் தொல்லை. மாற்றுத் துணி கொடுக்கலாம், விசாரணைக் கைதிக்குச் சொந்தத் துணிதான். மற்றபடி வெளியிலிருந்து என்ன கொடுக்கலாம் என்பதை வாசலில் கேட்டுவிட்டு வாங்குங்கள். துணி மடிப்பில் பீடி, சிம் கார்டு என்று யாராவது கொடுத்தனுப்பினால் வாங்கவே வாங்காதீர்கள். பிடிபட்டால் உங்கள் மேலேயே கேஸ் வரும்.

இன்னொன்று. "ஜெயிலிலிருந்து பேசுகிறேன், உங்கள் வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லை, உடனே ஜி-பே பண்ணுங்கள்" என்று போன் வரும். நம்பாதீர்கள். ஜெயில் ஆபீஸுக்கு நீங்களே போன் செய்து கேளுங்கள். கைதி பேசுவதென்றால் ஜெயில் போனிலிருந்து, அவர் எழுதிக்கொடுத்துப் பதிவான எண்களுக்கு மட்டும்தான் வரும்.

மனு பார்க்கும்போது அவர் பேச்சில் வாழ்க்கையே வெறுத்துவிட்ட தொனி தெரிந்தால் தயங்காதீர்கள். அன்றைக்கே வாசலில் சொல்லி நல அலுவலரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். மத்திய சிறைகளில் நல அலுவலரும் மனநல ஆலோசகரும் இருக்கிறார்கள். குடும்பம் வாய்விட்டுச் சொன்னால் அந்தக் கைதி மேல் தனிக் கவனம் வைப்பார்கள். உங்களுக்கே மனசு தாங்கவில்லை என்றால் 14416-க்குப் போன் போடுங்கள், டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழில் பேசலாம், காசு கிடையாது.

மலர்_திண்டுக்கல்

அண்ணா, கடைசிப் பத்தியைப் படித்துவிட்டு அழுதுவிட்டேன். நாளைக்கு மனு. அவருக்கு பி.பி மாத்திரை உண்டு, டாக்டர் சீட்டைத் தேடி எடுத்துவிட்டேன். பையனைக் கூட்டிக்கொண்டு போகலாமா? இப்போதைக்கு வெளியூர் வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

காவேரிக்கரை

வேண்டாம்மா. சின்னப் பிள்ளையை அந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அது மனசில் பதிந்துவிடும். வெளியூர் என்றே இருக்கட்டும், ஜாமீனில் வந்துவிட்டால் ஒன்றும் தெரியாமலே போய்விடும்.

நெல்லைக்காரி

காவேரிக்கரை சார், இதில் நான் உங்களோடு ஒத்துப்போகவில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெருவே சொல்லிவிடும். அதுவும் பள்ளிக்கூடத்தில் இன்னொரு பையன் வாயால் கேட்டால் அப்பா மேல் இருக்கும் கோபத்தைவிட அம்மா பொய் சொன்னாள் என்பதுதான் பெரிதாகத் தெரியும். என் மகளிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "அப்பா ஒரு சண்டையில் மாட்டிக்கொண்டார். யார் மேல் தப்பு என்று ஜட்ஜ் விசாரிக்கிறார். முடியும் வரைக்கும் அப்பா ஜெயிலில் இருக்க வேண்டும். நீ செய்த எதனாலும் இது நடக்கவில்லை." கடைசி வரி ரொம்ப முக்கியம். நாம் சேட்டை பண்ணியதால்தான் அப்பா போய்விட்டார் என்று பிள்ளைகள் மனசுக்குள் நினைத்துக்கொள்ளும்.

கூட்டிப் போவதா இல்லையா என்பது பிள்ளையைப் பொறுத்தது. முதல் தடவை நீங்கள் மட்டும் போய் இடத்தைப் பாருங்கள். பிறகு அவனிடம் எப்படி இருக்கும் என்று முன்னாலேயே சொல்லுங்கள்: கண்ணாடி இருக்கும், அப்பாவைத் தொட முடியாது, போலீஸ் மாதிரி உடை போட்டவர்கள் இருப்பார்கள். அவன் வருகிறேன் என்றால் கூட்டிப் போங்கள். வரவில்லை என்றால் ஒரு படம் வரையச் சொல்லித் தபாலில் அனுப்புங்கள். கடிதத்தைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே கொடுப்பார்கள், ஆனால் கொடுப்பார்கள்.

கிளாஸ் டீச்சர் ஒருவரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி வையுங்கள்.

காவேரிக்கரை

சொல்லும் விதம் சரிதான், ஒத்துக்கொள்கிறேன். நாலு வயசு, அஞ்சு வயசுப் பிள்ளைக்கு எவ்வளவு புரியும் என்றுதான் யோசிக்கிறேன். மூன்றாம் வகுப்பு என்றால் நீங்கள் சொல்வதுபோல் செய்யலாம்.

மலர், படிப்புச் செலவுக்குக் கஷ்டம் வந்தால் கலெக்டர் ஆபீஸில் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு எங்கே என்று கேளுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள். குழு லோன், வண்டித் தவணை இருந்தால் கெடு தாண்டுவதற்கு முன்பே போய்ச் சொல்லிவிடுங்கள். வண்டியையும் போலீஸ் பிடித்து வைத்திருந்தால் அதைத் திரும்பக் கேட்கத் தனி மனு உண்டு. ஸ்டேஷன் வாசலில் வெயிலில் காய விடாதீர்கள்.

பெயர்_வேண்டாம்

இதே இழையில் கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். எனக்கும் அவருக்கும் கல்யாணம் ஆகவில்லை, ஒரே வீட்டில்தான் இருந்தோம். அவர் வீட்டார் என்னை ஒதுக்குகிறார்கள். நான் மனு பார்க்க முடியுமா?

ஓய்வுபெற்றவன்

பார்க்கலாம் அம்மா. சொந்தக்காரர், நண்பர், வக்கீல் மூன்று பேரையும் விதி அனுமதிக்கிறது. உறவு என்ன என்று கேட்டால் நண்பர் என்று உண்மையைச் சொல்லுங்கள். மனைவி என்று எழுதிவிட்டு ஆதாரில் வேறு மாதிரி இருந்தால்தான் பிரச்சினை. உங்கள் பெயரை அவர் உள்ளே முன்பே சொல்லி வைப்பது நல்லது. ஆனால் அவர் வீட்டாரும் நீங்களும் ஒரே வாரத்தில் போய் நின்றால் வாய்ப்பை யாராவது ஒருவர் இழக்க வேண்டிவரும், எத்தனை மனு என்பதற்கு வரம்பு உண்டு. வக்கீல் மூலமாக நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

தென்கரை_தம்பி

என் அண்ணனுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டோம், அதற்குள் குண்டர் சட்டம் (குண்டாஸ்) போட்டுவிட்டார்கள். இனி ஒரு வருஷம் ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்களே, உண்மையா?

கோர்ட்வாசல்

உண்மை இல்லை. இது தமிழ்நாட்டின் 1982-ஆம் ஆண்டு 14-ஆம் எண் சட்டம். கலெக்டரோ, மாநகரங்களில் போலீஸ் கமிஷனரோ போடும் தடுப்புக் காவல் உத்தரவு. அதிகபட்சம் 12 மாதம். ஜாமீன் இதற்கு உதவாது என்பது சரிதான், ஆனால் வேறு வழி இருக்கிறது.

காவலில் வைத்த 5 நாளுக்குள் காரணங்களை எழுத்தில், அவருக்குத் தெரிந்த மொழியில் கொடுக்க வேண்டும். அந்தக் கட்டு முழுவதையும் வாங்கி வக்கீலிடம் கொடுங்கள். ஒரு பக்கம் படிக்க முடியாமல் மங்கலாக இருந்தாலும், ஒரு ஆவணம் மொழிபெயர்க்காமல் இருந்தாலும் அது உங்கள் பக்கத்துக்கு வலு. உடனே அரசின் உள்துறைச் செயலாளருக்கு அண்ணன் பெயரிலோ அண்ணி பெயரிலோ முறையீடு பதிவுத் தபாலில் அனுப்புங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அந்த முறையீட்டைக் காரணமில்லாமல் தாமதமாகப் பரிசீலித்தார்கள் என்பதற்காகவே உத்தரவுகள் ரத்தாகியிருக்கின்றன. காவலில் வைத்த 3 வாரத்துக்குள் அரசு அதை, காவல் தேவையா என்று பார்க்கும் அறிவுரைக் குழுமத்தின் முன் வைக்க வேண்டும், காவலில் வைத்த 7 வாரத்துக்குள் குழுமம் கருத்துச் சொல்ல வேண்டும். அங்கே வக்கீல் ஆஜராக முடியாது, அண்ணனே பேச வேண்டும், அதனால் என்ன சொல்வது என்று முன்பே தயார் செய்யுங்கள். இதோடு, காவல் சட்டப்படி செல்லாது என்று ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போடுங்கள். அண்ணியோ அம்மாவோ போடலாம். தாமதிக்காதீர்கள், நாள் கடந்து போட்டால் விசாரணைக்கு வருவதற்குள் ஆண்டு பாதி போய்விடும்.

ஒரு_தாய்

என் மகன் தண்டனைக் கைதி. நான் சொல்ல வந்தது பரோல் பற்றி. இங்கே பலர் விசாரணைக் கைதிக்கும் பரோல் கேட்கிறார்கள், அவர்களுக்கு அது கிடையாது. வீட்டில் சாவோ கல்யாணமோ என்றால் கோர்ட்டில் இடைக்கால ஜாமீன்தான் கேட்க வேண்டும். தண்டனைக் கைதிக்கு 1982-ஆம் ஆண்டு விதிகளின்படி அவசர விடுப்பு, சாதாரண விடுப்பு என்று இரண்டு. அவசர விடுப்பு பெற்றோர், மனைவி, பிள்ளை, கூடப் பிறந்தவர்களின் சாவு அல்லது கடும் நோய், அப்புறம் கல்யாணம் இவற்றுக்கு. சாதாரண விடுப்பு 3 வருஷம் முடிந்த பிறகு. வீடு பழுது பார்ப்பது, பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது, விவசாய வேலை போன்ற காரணங்களுக்குக் கேட்கலாம்.

மனு போட்டதும் நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார், போலீஸும் அறிக்கை கொடுக்கும். அக்கம்பக்கத்தில் யாராவது ஒருவர் "வந்தால் பிரச்சினை" என்று சொல்லிவிட்டால் மனு அடிபடும். அதனால் தெருவோடு உறவை முறித்துக்கொள்ளாதீர்கள். எனக்கும் கோபம் வந்தது, பேசாமல் இருந்துவிடலாம் என்று தோன்றியது, ஆனால் அவர்கள் சொல்லும் ஒரு வார்த்தைக்கு என் மகனின் விடுப்பு காத்திருந்தது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதை வைத்து ஹைகோர்ட் போகலாம்.

தூரத்து ஜெயிலில் இருந்தால் ஊருக்குப் பக்கத்து ஜெயிலுக்கு மாற்றச் சொல்லிச் சிறைத்துறைத் தலைமையகத்துக்கு எழுதலாம். என் வயசு, என் நோய் இரண்டையும் மருத்துவச் சான்றோடு எழுதினேன், மாற்றிக் கொடுத்தார்கள்.

மலர்_திண்டுக்கல்

எல்லோருக்கும் ஒரு செய்தி. அமர்வு நீதிமன்றத்தில் ஜாமீன் கிடைத்துவிட்டது! சட்ட உதவி வக்கீல் அம்மாதான் வாதாடினார்கள். தலா 10,000 ரூபாய்க்கு இரண்டு ஜாமீன்தாரர், அதில் ஒருவர் ரத்த சொந்தமாக இருக்க வேண்டும், தினமும் காலை 10.30-க்கு ஸ்டேஷனில் கையெழுத்து என்று உத்தரவு. இப்போது 20,000 ரூபாய்க்கு எங்கே போவது என்று மாமியார் மறுபடியும் வளையலைக் கழற்றுகிறார்.

கோர்ட்வாசல்

நல்ல செய்தி. வளையல் கையிலேயே இருக்கட்டும். அது ரொக்கமாகக் கட்டும் பணம் இல்லை. அவர் வாய்தாவுக்கு வராமல் ஓடிவிட்டால் அந்தத் தொகைக்கு நான் பொறுப்பு என்று ஜாமீன்தாரர் எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி, அவ்வளவுதான்.

ரத்த சொந்தத்துக்கு அவர் அம்மாவே போதும். இன்னொருவருக்கு அவருடைய அண்ணன் தம்பியோ நம்பிக்கையான பக்கத்து வீட்டுக்காரரோ வரலாம். ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், வீட்டு வரி ரசீது, போட்டோ எல்லாம் ஒரிஜினலும் நகலும் எடுத்துக்கொண்டு காலையிலேயே மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு வரச் சொல்லுங்கள். இடது பெருவிரல் ரேகையும் வைக்கச் சொல்வார்கள். கோர்ட் வாசலில் காசுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுகிறேன் என்று வருபவர்களை அண்ட விடாதீர்கள், அவர்கள் ஆவணம் போலி என்று தெரிந்தால் ஜாமீனே போய்விடும்.

ஜாமீன்தாரர் ஏற்கப்பட்டதும் விடுதலை உத்தரவு சாயங்காலம் கைதிகளை அறையில் பூட்டுவதற்கு முன்பே ஜெயிலுக்குப் போய்ச் சேர வேண்டும். தாமதமானால் அடுத்த நாள்தான் விடுவார்கள், பதற வேண்டாம். 7 நாளாகியும் வெளியே வரவில்லை என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஜெயில் சூப்பிரண்டே தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. இங்கே படிப்பவர்களில் யாருக்காவது கோர்ட் ரொக்க ஜாமீன் கேட்டு, கட்ட வழியில்லாமல் உள்ளேயே இருந்தால், ஏழைக் கைதிகளுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் பண உதவி உண்டு. போதைப்பொருள், யு.ஏ.பி.ஏ (சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம்) போன்ற கேஸ்களுக்குக் கிடையாது. அதையும் அதே ஆணைக்குழு ஆபீஸில் கேளுங்கள்.

மலர்_திண்டுக்கல்

அப்பாடா. கொழுந்தனார் வருகிறேன் என்று சொல்லிவிட்டார், வீட்டு வரி ரசீது அவர் பெயரிலேயே இருக்கிறது. கையெழுத்து எத்தனை நாளைக்குப் போட வேண்டும் சார்? அவர் வேலைக்குப் போவது திருப்பூரில்.

கோர்ட்வாசல்

மறு உத்தரவு வரும் வரை என்று இருந்தால் கோர்ட் தளர்த்தும் வரை போட வேண்டும். சில வாரம் ஒழுங்காகப் போட்ட பிறகு, வேலை பாதிக்கிறது என்று திருப்பூர் முதலாளியிடம் ஒரு கடிதம் வாங்கி, ஜாமீன் கொடுத்த அதே கோர்ட்டில் நிபந்தனையைத் தளர்த்த மனு போடலாம். அதுவரை ஒரு நாளும் தவறக் கூடாது. காய்ச்சல் என்றால்கூட அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கி வக்கீலிடம் கொடுத்துவிடுங்கள். கையெழுத்துப் போடும்போது நோட்டில் தேதியும் நேரமும் சரியாக எழுதுகிறார்களா என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள். எதிர்த்தரப்பு வீட்டுப் பக்கம் சமாதானம் பேசக்கூடப் போக வேண்டாம், சாட்சியை மிரட்டினார் என்று சொல்லி ஜாமீனை ரத்து செய்யக் கேட்பார்கள். பேச வேண்டியிருந்தால் வக்கீல் மூலமாகப் பேசுங்கள்.